ராட்சதப் பரங்கியில் பக்கக் கொடிகள் ஓங்காமை: காரணம் காணும் முறை

1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்த வில்லியம் வார்னாக் என்பவர் 403 பவுண்டு, அதாவது சுமார் 183 கிலோ எடையுள்ள பரங்கிக்காய் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். அந்த எடையை வேறொருவர் மிஞ்சுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பின்னர், நோவா ஸ்கோஷியா மாகாணத்து விண்ட்ஸரில் விவசாயம் செய்துவந்த ஹாவர்ட் டில் பல்லாண்டுகள் தெரிந்தெடுத்துப் பெருக்கிய 'அட்லாண்டிக் ஜயண்ட்' என்னும் வகை பரவத் தொடங்கியது. 1981இல் அவரே விளைவித்த காய் ஏறத்தாழ 224 கிலோ நிறுத்தது. 2012இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு காய் 911 கிலோவையும், 2023இல் கலிபோர்னியாவில் மற்றொன்று 1,247 கிலோவையும் எட்டின.

இந்த வளர்ச்சிக்கு விதை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் விதையில் அடங்கியுள்ள ஆற்றல், இலைகள் ஆக்கித் தரும் சர்க்கரையைக் கொண்டே காயாக உருவெடுக்க முடியும். இலைகளிற் பெரும்பகுதியைத் தாங்கி நிற்பவை பக்கக் கொடிகளாகும். காய் மிக விரைந்து பருக்கும் நாள்களில் ஒரே நாளில் 15 அல்லது 20 கிலோ வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் எடை கூடுவதுண்டு. அத்தனை உணவையும் நீரையும் முதன்மைக் கொடி ஒன்று மட்டுமே அளித்துவிட இயலாது. எனவேதான் பக்கக் கொடிகள் ஓங்காத செடியைக் கண்டதும் பயிரிடுவோர் கலங்குகின்றனர். கலங்கியவுடன் உர மூட்டையை அவிழ்க்கின்றனர். பல சமயங்களில் இவ்விரண்டாவது செயலே முதலிற் கண்ட குறையைவிடப் பெருங்கேடாய் முடிகிறது.

இங்கே பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழ் மாவட்டங்கள் சிலவற்றிற் பரங்கி என்றும், சிலவற்றிற் பூசணி என்றும், வேறு சிலவற்றில் சர்க்கரைப் பூசணி, மஞ்சட் பூசணி என்றும் வழங்குவது ஒன்றே. சாம்பல் பூத்த வெண்பூசணி வேறு இனம். நம் நாட்டுச் சந்தைகளிற் பெரும்பாலும் காணும் பரங்கி 'குகுர்பிட்டா மாஸ்கேட்டா' என்னும் இனத்தது. ராட்சதப் பரங்கி 'குகுர்பிட்டா மாக்ஸிமா' என்னும் இனத்தது. பின்னதன் தாயகம் தென் அமெரிக்கா. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'அர்க்கா சூர்யமுகி' இந்த மாக்ஸிமா இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் அதன் காய் சுமார் ஒரு கிலோ அளவினது. காயின் அளவு எதுவாயினும் கொடி கிளைக்கும் முறை ஒன்றேயாதலின், ராட்சதப் பரங்கியைக் கொண்டு கற்றது சாதாரணப் பரங்கிக்கும் பயன்படும்.

கொடியின் அமைப்பு

பரங்கிக் கொடியின் ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலையும், ஒரு பற்றுக்கம்பியும், பூ மொட்டும், இலைக்காம்பும் தண்டும் கூடும் கக்கத்தில் ஒரு சிறு மொட்டும் இருக்கின்றன. இக்கக்க மொட்டே பக்கக் கொடியாக நீள்வது. கணுவின் அடிப்புறம் ஈர மண்ணைத் தொடுமாயின் அங்கிருந்தும் வேர்கள் இறங்கும். ஆகவே ஒரு கணு என்பது ஓர் இலை மட்டுமன்று. அது ஒரு சிறு செடிக்குச் சமமாகும்.

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ராட்சதப் பரங்கி பயிரிடுவோர், ஒரு செடிக்கு 60 முதல் 90 சதுர மீட்டர் வரை நிலம் ஒதுக்குகின்றனர். முதன்மைக் கொடியை நேர் கோடாகப் படரவிட்டு, பக்கக் கொடிகளை இருபுறமும் அதற்குச் செங்கோணத்தில் ஒதுக்குகின்றனர். அடிப்பகுதியில் உள்ளவை மூத்தவையாதலின் நீளமாகவும், நுனியை நோக்கிச் செல்லச் செல்லக் குட்டையாகவும் அமைந்து, மேலிருந்து நோக்கினால் கிடத்தி வைத்த கோபுரம் போன்ற வடிவம் தோன்றும். பக்கக் கொடி சுமார் 3 அல்லது 4 மீட்டர் நீண்டதும் அதன் நுனியைக் கிள்ளிவிடுவர். பக்கக் கொடியிலிருந்து மேலும் கிளைப்பனவற்றை இளமையிலேயே அகற்றுவர். காய், முதன்மைக் கொடியில் அடியிலிருந்து 3 அல்லது 4 மீட்டர் தொலைவில் விடப்படும்.

இக்கோபுர வடிவத்தை மனத்திற் கொண்டால் எது குறை, எது குறையன்று என்பது விளங்கும். நுனிக்கு அண்மையிலுள்ள சில கணுக்களிற் பக்கக் கொடி காணாதது இயல்பே. முதன்மைக் கொடி ஒன்றரை மீட்டர் நீளமும் எட்டாத இளஞ்செடியில் அடிக்கணுக்கள் தயங்குவதும் இயல்பே. ஒரு வாரம் பொறுத்திருந்து பார்த்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய கவலைக்கு மருந்து தேடுவோர் பலர். கொடி ஓடத் தொடங்கிய பின்னும், நுனியிலிருந்து மிகவும் பின்தங்கிய முதிர்ந்த கணுக்கள் வெறுமையாகவோ விரல் நீளக் கொடியுடனோ நிற்குமாயின், அப்போதே அதனைக் குறையெனக் கொள்ள வேண்டும்.

மொட்டு உறங்குவதேன்?

கக்க மொட்டு இல்லாமற் போவது அரிது. அது உறங்குவதே பெரும்பான்மை. 1933இல் திமன், ஸ்கூக் என்னும் இரு விஞ்ஞானிகள் அவரைக் குடும்பத்துச் செடியொன்றைக் கொண்டு, நுனி மொட்டில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் கீழேயுள்ள மொட்டுகளை அடக்கி வைக்கிறது எனக் காட்டினர். நுனியைக் கிள்ளினால் அடக்கம் நீங்கும். கிள்ளிய இடத்தில் ஆக்சினைத் தடவினால் அடக்கம் தொடரும். இதனையே நுனி ஆதிக்கம் என்கிறோம். பிற்கால ஆராய்ச்சிகள் இப்படத்தை விரிவாக்கின. வேரிலிருந்து ஏறும் சைட்டோகைனின் மொட்டை எழுப்புகிறது. ஸ்ட்ரிகோலாக்டோன் என்னும் பொருட்கள் அதனை உறங்கச் செய்கின்றன என்பது 2008இல் தெளிவாயிற்று. மண்ணில் மணிச்சத்துக் குறையும்போது பல செடிகளின் வேர்களில் இப்பொருட்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. 2014இல் பட்டாணிச் செடியிற் செய்த ஆராய்ச்சி, நுனியைக் கிள்ளியதும் மொட்டை முதலில் எழுப்புவது அங்கு வந்து சேரும் சர்க்கரையே எனக் காட்டியது.

களப் பணியாளருக்கு இதிலிருந்து வேண்டுவது சுருக்கமானது. மொட்டு தன் விருப்பப்படி உறங்குவதில்லை. நுனியோ, வேரோ, சர்க்கரையைத் தன்பால் இழுக்கும் காயோ, இம்மூன்றில் ஒன்று அதனை உறங்கச் செய்கிறது. ஆகவே, குறை தோன்றும் இடம் பக்கக் கொடியாயினும், குறை பிறக்கும் இடம் பெரும்பாலும் வேறாகும்.

தோட்டத்தில் முதலிற் பார்க்க வேண்டியது

செடியை நெருங்குமுன் சற்றுத் தொலைவில் நின்று முழு வடிவத்தையும் நோக்குக. முதன்மைக் கொடியும் மெதுவாகவே ஊர்ந்து, இலைகளும் சிறுத்திருப்பின், வேர் மண்டலத்தை ஐயுறுக. முதன்மைக் கொடி மட்டும் மெலிந்து நீண்டு ஓடி, பக்கங்கள் வெறுமையாயிருப்பின், நிழலோ நெருக்கமோ சத்துக் குறைவோ காரணமாகலாம். பிற இலைகளின் ஊடே வடிந்து வரும் ஒளியில் சிவப்புக் கதிர் குறைந்துவிடுவதாற் செடி கிளைப்பதை நிறுத்தி நீள முயல்கிறது. கொடியின் ஒரு பக்கம் மட்டும் நலிந்திருந்தால் உரத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. சத்துக் குறை ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்து தாக்குவதில்லை. அப்பக்கத்தில் நடைபாதையால் மண் இறுகியிருக்கும்; அல்லது மரத்தின் வேர் நீரை உறிஞ்சும்; அல்லது வாய்க்கால் நீர் அங்கு எட்டாது. ஆங்காங்கே சில கணுக்கள் மட்டும் வெறுமையாயின், காற்றிற் கொடி புரண்டு மொட்டு முறிந்ததா, வண்டு கடித்ததா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். முதலில் நன்கு ஓங்கிய பக்கக் கொடிகள் பின்னர் ஒருசேர நின்றுவிட்டால் காயையோ நோயையோ ஐயுறுதல் தகும்.

ராட்சதப் பரங்கிக்கே பெரிதும் உரிய மற்றொரு கோளாறும் உண்டு. முதன்மைக் கொடி உருண்டையாயிராமல் நாடா போலத் தட்டையாகி, கணுக்கள் ஒழுங்கின்றி நெருங்கி, இலைகள் கொத்தாக எழும். அக்கொடியிற் பக்கக் கொடிகளை முறையாக எதிர்பார்க்க இயலாது. தட்டையான பகுதி தொடங்கும் இடத்திற்குக் கீழே வெட்டிவிட்டு, திடமான ஒரு பக்கக் கொடியை முதன்மைக் கொடியின் இடத்திற்குத் திருப்பிவிடுவது பழகிய பயிரிடுவோரின் வழக்கம். பருவத் தொடக்கத்தில் இதனைச் செய்தால் இழப்பு சில நாள்களே.

வேரும் மண்ணும்

பரங்கி வெப்பத்தை விரும்பும் பயிர். மண்ணின் வெப்பம் 15 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இருக்கையில் அதன் வேர்கள் நீரையும் மணிச்சத்தையும் தயங்கித் தயங்கியே ஏற்கின்றன. மேலே வெயில் காய்ந்தாலும் கீழே மண் குளிர்ந்திருக்கலாம். காற்றின் வெப்பத்தை மட்டும் குறித்துக்கொண்டு வருவோர் இங்கே ஏமாறுவர். காலை வேளையில் 10 செ.மீ. ஆழத்தில் வெப்பமானியைச் செருகிப் பார்ப்பதே சரி. குளிர் நாடுகளில் ஏப்ரலில் வீட்டினுள் விதைத்து, மே மாதத்தில் பிளாஸ்டிக் கூடாரத்தின் கீழ் நடுவதன் நோக்கம் இதுவே. நம் நாட்டில் யமுனை, கங்கை ஆகிய நதிகளின் மணற்பரப்பில் நவம்பர், டிசம்பர் மாதங்களிற் குழி தோண்டி எருவிட்டு வெள்ளரி, சுரை, பரங்கி முதலியவற்றை விதைப்போர், வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்றைத் தடுக்க நாணற்புல்லால் தட்டி நடுகின்றனர். ஏழை விவசாயிகளின் கையிலுள்ள அந்தப் புல் தட்டிக்கும் கனடா தோட்டக்காரரின் பிளாஸ்டிக் கூடாரத்திற்கும் தத்துவம் ஒன்றே. ஜனவரியில் முடங்கிக் கிடக்கும் கொடி பிப்ரவரியில் வெயில் ஏறியதும் தானே கிளைக்கத் தொடங்கினால், குறை குளிரேயன்றி வேறன்று.

இரண்டாவது, நாற்றின் வேர். தொட்டியில் நெடுநாள் வைத்திருந்த நாற்றின் வேர்கள் வட்டமாகச் சுற்றி இறுகிவிடும். நட்ட பின்னும் அவை வெளியே பரவத் தயங்கும். வெள்ளரிக் குடும்பத்துப் பயிர்கள் வேர் அறுபடுவதையும் எளிதிற் பொறுப்பதில்லை. உண்மை இலை ஒன்றோ இரண்டோ விரிந்ததும், மண் கட்டி உடையாமல் நட்டுவிட வேண்டும். நட்ட ஒரு மாதத்தில் தோன்றும் நலிவுக்கு இதுவே காரணமாகலாம். அதற்குப் பிறகு செய்யத்தக்கது, கணுக்களை மண்ணால் மூடி ஈரமாக வைத்துப் புது வேர்களை வரவழைப்பதேயாகும்.

மூன்றாவது, இறுகிய மண். பரங்கியின் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல் 30 செ.மீ. மண்ணில் அகலமாகப் பரவுகின்றன. விரல் கனமுள்ள இரும்புக் கம்பியை ஈரமான மண்ணிற் கையால் அழுத்தினால் அது தடையின்றி இவ்வளவு ஆழம் இறங்க வேண்டும். இறங்காத இடத்தில் வேரும் இறங்காது. போட்டிக்குப் பயிரிடுவோர் தோட்டத்தினுள் பலகைகளைப் பரப்பி அவற்றின் மேலேயே நடப்பது இதற்காகத்தான். வடிகாலற்ற நிலத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தால் அழுகல் நாற்றம் வீசும்; அங்கு வேர் மூச்சின்றி இருக்கிறது. அத்தகைய செடி நண்பகலில் வாடுவதைக் கண்டு மேலும் நீர் பாய்ச்சுவது, மூழ்குபவனுக்குத் தண்ணீர் கொடுப்பது போன்றதாம்.

கடைசியாக, வேரையே தோண்டிப் பார்க்கத் தயங்கலாகாது. ஓரத்தில் ஒரு சிறு வேரை எடுத்துக் கழுவினால், மணி மணியாக வீங்கிய முடிச்சுகள் தெரியுமாயின் அது நூற்புழுவின் வேலை. அவ்வாண்டில் அதற்கு முழுத் தீர்வு இல்லை. அடுத்த பயிராக வெள்ளரிக் குடும்பத்தையும் கத்தரி, தக்காளி ஆகியவற்றையும் தவிர்த்து, நிலத்தை மாற்ற வேண்டும்.

உரம்

தழைச்சத்துக் குறைந்த செடியில் முதிய இலைகளே முதலில் வெளிறும், கொடி முழுதும் மெலியும், கிளைப்பு குன்றும். இந்நிலையில் தழைச்சத்தைச் சிறு சிறு அளவாகப் பிரித்து இடுதல் பயன் தரும். இலைகள் கரும்பச்சையாகவும் பெரிதாகவும் இருக்கையிலும் பக்கக் கொடி ஓங்கவில்லையெனில், யூரியா இடுவது வீண். ராட்சதப் பரங்கித் தோட்டங்களிற் காணும் கேடு பஞ்சத்தைவிடப் பெரும்பாலும் மிகுதியால் விளைவது. ஆண்டுதோறும் வண்டி வண்டியாகக் கொட்டும் எருவினாலும் உரத்தாலும் மண்ணில் உப்பு ஏறி, இலையின் விளிம்பு பழுப்பாகித் தீய்கிறது. வேர் நுனிகள் கருகுகின்றன. மண்ணைப் பரிசோதிக்காமல் உரம் பரிந்துரைப்பது களப் பணியாளருக்கு அழகன்று.

மண்ணின் கார அமில நிலை 6.5 முதல் 7 வரை இருத்தல் நலம். வடநாட்டின் களர் சார்ந்த நிலங்களில் இந்நிலை 8க்கு மேலும் செல்வதுண்டு. அங்கே இரும்பு மண்ணில் இருந்தும் செடிக்குக் கிட்டாது. இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். போரான் குறைந்தால் கொடியின் வளரும் நுனிகளும், பக்கக் கொடிகளின் நுனிகளும் தடித்து எளிதில் ஒடிந்து மடிகின்றன. ஆனால் போரான் தேவைப்படும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. ஊகத்தின் பேரில் வெண்காரத்தை அள்ளித் தூவியவர்கள் செடியையே இழந்திருக்கின்றனர்.

வெள்ளரிக் குடும்பத்தில் பெண் பூக்களைப் பெருக்குவதற்காக எத்ரெல் தெளிக்கும் முறையும் பரங்கிக்கு உண்டு. அதன் அளவு மிஞ்சினாற் கணுவிடைகள் குறுகிக் கொடி முடங்கும். விவசாயியிடம் இதனைக் கேட்டறிவது அவசியம். அவரே முன்வந்து சொல்லுவது அரிது.

களைக்கொல்லியின் சுவடு

கோதுமை வயலில் அகன்ற இலைக் களைகளுக்காகத் தெளிக்கும் 2,4-டி என்னும் மருந்து காற்றில் மிதந்து வந்தாலும் பரங்கியின் இலை விசிறி போற் சுருங்கி, நரம்புகள் ஒன்றையொன்று நெருங்கி, நுனி முறுக்கிக்கொள்ளும். இம்மருந்து ஆக்சினைப் போலவே செயற்படுவதாகும். கக்க மொட்டுகளின் ஒழுங்கு குலைவதில் வியப்பில்லை. வைரஸ் நோயிலும் இலை சுருங்குமாதலின் இரண்டையும் வேறுபடுத்தல் வேண்டும். மருந்தின் பாதிப்பு வயலின் ஒரு விளிம்பில் மிகுந்தும் உள்ளே செல்லச் செல்லக் குறைந்தும் இருக்கும். சில வாரங்களிற் புது இலைகள் ஓரளவு தெளியும். வைரஸ் தாக்கிய செடியோ ஆங்காங்கே சிதறி நிற்கும். புது இலைகளிலும் தேமலும் சுருக்கமும் தொடரும். அதனை உடனே பிடுங்கிப் புதைத்துவிடுதலே தகும்.

இதனினும் மறைவானது எருவின் வழியே வரும் கேடு. சில களைக்கொல்லிகள் புல்லிற் படிந்து, மாட்டின் வயிற்றையும் கடந்து, சாணத்திலும் வீரியம் மாறாதிருக்கின்றன. அமினோபைராலிட் என்னும் மருந்து இவ்வாறு தோட்டங்களைப் பாழாக்கியதால் 2008இல் பிரிட்டனில் அதன் விற்பனை சில காலம் நிறுத்தப்பட்டது. எருவைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஐயத்திற்குரிய எருவும் மண்ணும் கலந்த தொட்டி ஒன்றிலும், வெறும் மண் நிரம்பிய தொட்டி ஒன்றிலும் அவரை விதை ஊன்றி மூன்று வாரம் நோக்குக. முதல் தொட்டியில் மட்டும் இலைகள் கிண்ணம் போற் குவிந்தால் அவ்வெருவைத் தோட்டத்தில் இடலாகாது.

காயின் போட்டி

பரங்கிச் செடியில் முதற்காய் பிடித்ததும் சர்க்கரையின் ஓட்டம் அதனை நோக்கித் திரும்புகிறது. கொடி இன்னும் சிறிதாயிருக்கையிலேயே காய் பிடித்துவிட்டாற் பக்கக் கொடிகளின் நுனிகள் பட்டினி கிடக்கும். செழிப்பாயிருந்த கொடி திடீரென நின்றுவிட்டது என்று முறையிடும் விவசாயியின் தோட்டத்தில், இலைகளுக்கடியில் யாரும் காணாத ஒரு காய் முழங்கைப் பருமனில் ஒளிந்திருப்பதுண்டு. அதனை அகற்றிய சில நாள்களில் நுனிகள் மீண்டும் நகரத் தொடங்கும். ராட்சதப் பரங்கி பயிரிடுவோர், குறித்த தொலைவுக்கு முன் தோன்றும் பெண் பூக்களைத் தயவின்றிக் கிள்ளிவிடுகின்றனர்.

முதன்மைக் கொடியின் நுனியைக் கிள்ளிப் பக்கக் கொடிகளை எழுப்பலாமே என்று கேட்கலாம். சந்தைக்கெனப் பல காய்களை விரும்பும் சாதாரணப் பரங்கியில் அது தக்க முறைதான். ஒற்றைக் காயை முதன்மைக் கொடியில் வளர்க்க விரும்பும்போது, காய் பிடிக்குமுன் நுனியைக் கிள்ளினால், காய் நிற்க வேண்டிய இடமே இல்லாது போகும். மேலும், வேர் நலிந்த செடியில் நுனியைக் கிள்ளினாற் பக்கக் கொடி எழுவதற்கு வேண்டிய சத்தும் அதனிடம் இராது. எஞ்சிய ஒரு வளர்ச்சி முனையும் போய்விடும்.

பள்ளித் தோட்டத்திற் செய்து காட்டத்தக்கது

ஆசிரியர்கள் எந்தப் பரங்கி வகையைக் கொண்டும் நுனி ஆதிக்கத்தை மாணவர்க்குக் காட்டலாம். ஒரே நாளில் விதைத்த மூன்று செடிகளை இரண்டு மீட்டர் இடைவெளிக்குக் குறையாமல் வளர்க்க வேண்டும். ஒன்றை அப்படியே விட்டுவிடுக. மற்றொன்றில் ஆறாம் இலை விரிந்ததும் நுனியைக் கிள்ளுக. மூன்றாவதன் நுனியைக் கிள்ளாமல், அச்செடியைச் சுற்றி அடர்த்தியாகக் கீரை விதைத்து இலைகளுக்கு நெருக்கம் உண்டாக்குக. ஒவ்வொரு கணுவுக்கும் எண் எழுதிய குச்சி நட்டு, இரண்டு நாட்களுக்கு ஒருமுறை பக்கக் கொடியின் நீளத்தை மாணவர்களே அளந்து எழுதட்டும். இரண்டாவது செடியில் எந்தக் கணு முதலில் எழுந்தது, மூன்றாவதில் எத்தனை கணுக்கள் எழவே இல்லை என்பவற்றை அட்டவணையைப் பார்த்து அவர்களே சொல்லும்படி விடுதல் நன்று. மாணவர்கள் கவனக்குறைவாக மிதித்த பாத்தியில் நான்காவது செடி ஒன்று இருந்தால் அதனையும் அளக்கலாம். இறுகிய மண்ணைப் பற்றிய பாடம் செலவின்றிக் கிடைத்துவிடும்.

களப் பணியாளரும் இதே போன்ற குச்சிகளை விவசாயியின் தோட்டத்தில் நடலாம். ஒரு வார அளவுகள் கையிலிருந்தால், நின்றது முதன்மைக் கொடியா, பக்கக் கொடியா, இரண்டுமா என்ற கேள்விக்கு நினைவை நம்பி விடையளிக்க வேண்டியதில்லை. குளிர் நாடுகளில் ஜூன் இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ காய் பிடிக்கவைத்து அக்டோபரில் நிறுக்கின்றனர். அதற்குள் கிடைப்பது ஏறத்தாழ நூறு நாள்களே. நதி மணலிற் பயிரிடுவோர்க்கு மழை நீர் பெருகி வருமுன் ஜூன் மாதத்தோடு காலம் முடிகிறது. காய் பிடித்து அது பருக்கத் தொடங்கிய பின்னர்ப் பக்கக் கொடியைப் புதிதாக எழுப்ப முயல்வதில் பயனில்லை. எஞ்சிய இலைகளை நோயின்றிக் காப்பதும், கணுக்களை மண்ணால் மூடி ஈரம் தங்கச் செய்வதும் மட்டுமே அப்போது செய்யத்தக்கவை. ஆதலின் பிப்ரவரி மாதத்து இரண்டு சுற்றுப் பயணங்களில் வேரையும் மண்ணையும் பார்த்துவிட வேண்டும்.